குத்தாமல் எழுதிய நூற்று நான்கு

கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குச் சொல்லும்போதே குமட்டுகிறது.

பாளையங்கோட்டை வெல்டர் சவரிமுத்துவுக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி. சி.டி. ஸ்கேனில் தெரிந்தது, சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியானது. "வேற எங்கயும் பரவலேன்னா வெட்டி எடுத்திரலாம். பரவியிருந்தா நெஞ்சத் திறக்கவே கூடாது, மருந்துதான்" என்றார் அறுவை மருத்துவர். பரவலை அறிய, உடம்பு முழுவதையும் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது. இனிப்பு உள்ளே போனால், படத்துக்காக ஏற்றுகிற சர்க்கரை மருந்தைக் கட்டிக்குப் பதில் தசைகள் இழுத்துக்கொள்ளும். நோய் படத்தில் மங்கிவிடும். மனைவி பிலோமினா கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். ஸ்கேன் சென்டரில் கணவர் பெயரைப் பதிய அவள் போன நேரத்தில் அவள் அண்ணன் ராயப்பன், "மாப்ள மூஞ்சி வாடிக் கெடக்கே" என்று இரண்டு டம்ளர் நன்னாரி சர்பத்தைக் குடிக்க வைத்துவிட்டான். பாசமாம்!

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று டெக்னீஷியன் கேட்டான். மனைவிக்குப் பயந்து, "பச்சத்தண்ணிதான் தம்பி" என்றார் சவரிமுத்து. அடுத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அங்கே விதி. டெக்னீஷியன் குத்தவில்லை. தாளில் சர்க்கரை 104, சரியான அளவு, என்று எழுதினான்.

படத்தில் தொடைத் தசைகள் பளிச்சென்று எரிந்தன, கட்டியோ மங்கிக் கிடந்தது. ஸ்கேன் டாக்டருக்கு உறுத்தியது. தாளைப் பார்த்தார், 104. சமாதானமாகி, பரவவில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

நெஞ்சைத் திறந்தார்கள். நடு நெஞ்சின் நெறிக்கட்டிகளெல்லாம் நோய். அப்படியே மூடித் தைத்தார்கள். புற்றுக்கு மருந்து ஏற்றவேண்டிய மனிதர் அறுத்த ரணத்தோடு ஒரு மாதமாக எழ முடியாமல் கிடக்கிறார்.

ரிப்போர்ட்டில் 'விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 104' என்றிருந்ததைப் பார்த்த பிலோமினா, "விரல்ல எப்பங்க குத்துனாங்க?" என்றாள். "குத்தலையே புள்ள" என்றவர், சர்பத்தையும் சொல்லி அழுதார். அவள் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போனாள். டெக்னீஷியன் சிரித்தான். "கூட்டமா இருந்தா எல்லாருக்கும் அதான் போடுறது அக்கா. ஒண்ணும் ஆகாது." சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா! மேசையில் கிடந்த மற்ற தாள்களிலும் அதே 104.

சர்பத் கொடுத்தவன், பொய் சொன்னவர், குத்தாதவன், கையெழுத்துப் போட்டவர். இவர்களில் பெரும்பழி யாருக்கு?

விடை: டெக்னீஷியனுக்கே. நோயாளி பயத்தில் மறைப்பான், உறவு அறியாமல் ஊட்டும் என்று தெரிந்துதான் அந்த ஊசியையே வைத்திருக்கிறார்கள். டாக்டர் குற்றவாளிதான், ஆனாலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. தாளில் சர்க்கரைக்கான கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால்கூட அந்தச் சந்தேகம் பிழைத்திருக்கும். கற்பனை எண் அதைக் கொன்றது. பிலோமினா யாரிடமும் விடை கேட்கவில்லை. அவன் மேசை மேலேயே காறித் துப்பிவிட்டு, மற்ற தாள்களிலிருந்த பெயர்களை, வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி, ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.