பரம்புப் பலகையில் ஏறிய அமைச்சர்

மகுடவர்ம மகாராஜா நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அவர் பல்லக்கு வரும்போது, சவாரி போகிறவர்கள் எல்லாரும் இறங்கிக் கும்பிட வேண்டும். இறங்காவிட்டால் மாடுகள் அரண்மனைக்குச் சொந்தம்.

ஒரு நாள் அதில் மாட்டிக்கொண்டவன் மொக்கையன் என்ற உழவன். உழுத காட்டில் மண்கட்டி உடைக்க, மாடுகளைப் பூட்டிப் பரம்புப் பலகை ஓட்டிக்கொண்டிருந்தான். பலகை அழுந்தினால்தானே கட்டி உடையும்? அதற்காக மேலே ஏறி நின்றிருந்தான். பல்லக்கு போனது. அவன் இறங்கவில்லை. சேவகர்கள் மாடுகளைக் கட்டிவைத்துவிட்டு அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

அமைச்சர் குழந்தைவேலனார் பெயரில் மட்டும்தான் குழந்தை. சபையில் தொண்டையைச் செருமினார்.

"மாடு இழுக்கிறது. இவன் நின்றபடி போகிறான். இது சவாரியேதான், மன்னா!"

"சவாரி இல்லீங்க சாமி! பாரத்துக்கு நின்னேன். ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும். மாட்டைப் புடிச்சிட்டா இந்த வருஷம் சோறு இல்லீங்க."

"பாரத்துக்குக் கல்லை வைப்பதுதானே?" என்றார் அமைச்சர்.

"கல்லு மாடு ஓட்டாதுங்களே."

மன்னர் புருவம் ஏறியது. சபை விகடன் கூத்தபிரான் மெல்ல எழுந்தான்.

"அமைச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவரே ஒரு சுற்றுப் போய், சவாரி சுகம் எப்படி என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு எழுத வசதி. அவருடைய வண்டி மாடுகளையே பூட்டலாம்."

"அதற்கென்ன, பேஷாகப் போகிறேன்!" என்றார் அமைச்சர்.

மன்னரும் பல்லக்கில் பார்க்கப் புறப்பட்டார்.

மொக்கையன் காட்டில் அமைச்சர் பலகையில் ஏறினார். முதல் கட்டியில் தலைப்பாகை போனது. இரண்டாவதில் செருப்பு. மூன்றாவதில் இரண்டு மாட்டின் வாலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கூத்தபிரான் பல்லக்கை வரப்போரம் திருப்பினான்.

"அமைச்சரே, மன்னர் வருகிறார்! இறங்கும்!"

"எப்படி ஐயா இறங்குவது? வாலை விட்டால் விழுந்துவிடுவேனே!"

பல்லக்கு அவரைக் கடந்து போய் நின்றது.

"இறங்கவில்லை. கும்பிடவும் இல்லை," என்றார் மன்னர். "மாடுகளைப் பிடித்துக் கட்டுங்கள்."

காட்டுக் கோடியில் மாடுகள் நின்றன. அமைச்சர் உருண்டு விழுந்தார். வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"ஐயோ மன்னா! இதுவா சவாரி? நான் வெறும் பாரம்! பாரம்!"

கூத்தபிரான் ஓலை எழுதுகிறவரைப் பார்த்தான். "அமைச்சர் வாக்கு. அப்படியே எழுதிக்கொள்ளும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தடுமாறினார்கள். இருவரின் மாடுகளும் அவிழ்க்கப்பட்டன.

"மொக்கையா, இன்னும் ஏதாவது வேண்டுமா?"

மொக்கையன் குனிந்து, அமைச்சர் போன தடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினான். மாவாக உதிர்ந்தது.

"இப்படிப்பட்ட பாரம் எங்க ஊர்லயே கிடையாதுங்க. மேலக்காடு பாக்கி கிடக்கு. நாளைக்கும் ஐயாவை அனுப்புவீங்களா?"