முத்திரை போட்ட படி

களையெடுத்த கூலிக்கு மூன்று படி நெல். அஞ்சாலை அதை முந்தானையில் வாங்கிப் போய் வீட்டில் அளந்தால், எப்போதும் ஒரு கைப்பிடி குறையும். ஒருநாள் பண்ணை வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

பண்ணையார் வேதாசலத்துக்கு மீசை துடித்தது. "சர்க்கார் முத்திரை போட்ட படிடீ இது. குறையுதுன்னா ஊர் முன்னால காட்டு. இல்லேன்னா இனிமே என் நெலத்துல கால வைக்காத."

அஞ்சாலை படியை வாங்கிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, ஒடுக்கு இல்லை. அடுத்தவளுக்கு அவர் அளப்பதையும் நின்று பார்த்தாள். "காட்டுறேங்க" என்றாள்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. அண்டாவிலிருந்து முதல் கூழை மொண்டு ஊற்றுவது பண்ணையார் வீட்டு மரியாதை. அஞ்சாலை சொம்போடு வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"கூலி அளக்குற அதே படியில ஊத்துங்கய்யா. ஆத்தா பாக்கட்டும்."

இதில் என்ன வந்துவிடப்போகிறது? படியை வரவழைத்து, வழக்கம்போலப் பிடித்து, பெருமையாக மொண்டு ஊற்றினார்.

"படி நல்ல படிதாங்க" என்றாள் அவள், கோயில் முழுக்கக் கேட்கும்படி. "அந்தக் கையக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

படிக்குள்ளே இருந்த கட்டைவிரலில் மட்டும் அடிவரைக்கும் கூழ் அப்பியிருந்தது.

"நெல்லு உதுந்துடுதுங்க. கூழுதான் ஒட்டிக்குது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் கூலி அளக்கும்போது பண்ணையாரின் கட்டைவிரல் வானத்தைப் பார்த்து நின்றது.