ஒற்றை அம்புக்குறி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்றுபோனது. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. திரும்பிய சொற்களைக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பில் சேர்த்துவைத்தேன். காலையில் நான் வாசிப்பேன், அவர் கூடவே சொல்வார். வாசிக்காமல் விட்டால் சில சொற்கள் நழுவிவிடும்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொடுத்தவள், மாடியில் குடியிருக்கும் ஜெனிட்டா. என்னைவிட இளையவள். கட்டளையில் >> என்று இரண்டு அம்புக்குறி போட்டால் கோப்பின் கடைசியில் சேரும், ஒன்று போட்டால் பழையது போய்ப் புதியது வரும் என்றாள். மகன் தெரியாமல் தொட்டுவிடுவானோ என்ற பயத்தில், என்னைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி கோப்பைப் பூட்டித்தரவும் கேட்டுக்கொண்டேன்.

ஒருநாள் சொற்களை அகரவரிசையில் அடுக்கச் சொல்லி, அதே கோப்பில் போய்ச் சேர ஒற்றை அம்புக்குறி போட்டேன்.

கோப்பில் ஒன்றும் இல்லை.

மாடிக்கு ஓடினேன். யாரோ உள்ளே புகுந்து அழித்துவிட்டார்கள் என்றேன். என்ன அடித்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

ஜெனிட்டா ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அக்கா, இந்தத் தண்ணிய இதே தம்ளர்ல ஊத்தணும்.”

“அது எப்படி?”

“ஊத்துறதுக்கு முன்னாடி தம்ளர் காலியா இருக்கணும்ல. கம்ப்யூட்டர் முதல்ல அதத்தான் செய்யும்.”

தம்ளரைச் செடித்தொட்டியில் கவிழ்த்து, என் கையில் கொடுத்தாள்.

“இப்ப ஊத்துங்க.”

வெறும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பூட்டித்தானே வச்சிருந்தேன்?”

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

கீழே வந்தேன். உங்கள் சொற்களையெல்லாம் தொலைத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் இடது கையால் நெற்றியைத் தொட்டார்.

“இருக்கு,” என்றார்.

அந்தச் சொல் என் கோப்பில் இருந்ததே இல்லை.

அவர் சொல்லச் சொல்ல, இரண்டு அம்புக்குறி போட்டுப் போட்டுச் சேர்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. பழைய கோப்பில் இருந்த ‘எலுமிச்சை’ என்ற சொல் மட்டும் அவருக்கு வரவில்லை.

மறுபடி மாடி ஏறினேன். அந்தக் கோப்பைத் தெரியாமல்கூட மாற்ற முடியாதபடி, அதில் எழுதும் அனுமதியை எடுத்துவிட எந்தக் கட்டளை என்று கேட்டேன்.

“யாருக்கு எடுக்கணும்க்கா?”

“முதல்ல எனக்கு.”

அவள் சொன்னாள். நானே அடித்தேன்.