தலையசைப்புக்குக் காத்திராத சாணிப்பானை

வெகுகாலத்துக்கு முன்னால், வெள்ளாற்றங்கரை நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். அப்படிப்பட்ட ராஜாவிடம் வேலை பார்ப்பது எவ்வளவு பாடு என்று மந்திரி இளம்பரிதியைக் கேட்டால் தெரியும். மனுஷருக்குப் பாதித் தலைமுடி அதனால்தான் கொட்டிப்போனது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் மெய்க்காவலர்கள் வருஷத்துக்கு ஒருமுறை முற்றத்தில் கிடக்கும் உருண்டைக்கல்லைத் தோளுக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். தூக்குகிறவன் வேட்டியை வரிந்து கட்டுவான், காலை அகட்டி ஊன்றுவான், மூச்சை நன்றாக இழுத்துப் பிடிப்பான், பிறகு 'நான் தயார்' என்று தலையசைப்பான். அவன் தலையசைத்த பிறகுதான் முரசு ஒலிக்கும். அவன் பாட்டுக்கு ஆற அமரத் தலையசைக்கட்டும் என்று ஊரே காத்திருக்கும்.

படைத்தலைவர் பூதங்காத்தாருக்கு மந்திரியின் நாற்காலி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மந்திரி சேர்த்துவிட்ட மாசாணம் என்கிற ஒல்லி ஆள், பத்து வருஷமாக ராஜாவின் இடப்பக்கம் காவல் நிற்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் சத்தமில்லாமல் பழைய கல்லை எடுத்துவிட்டு, ஒன்றரை மடங்கு கனத்தில் ஒரு புதுக் கல்லைப் போட்டார். கூடவே பலவேசம் என்ற மல்லனையும் கூட்டி வந்தார். பலவேசம் அந்தக் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தையே மூன்று சுற்று வந்தான். மாசாணமோ முழங்கால் வரை தூக்கிவிட்டு, முடியாமல் கீழே வைத்தான்.

"பார்த்தீர்களா மகாராஜா! இந்தத் துரும்பை நம்பியா பத்து வருஷம் தூங்கினீர்கள்?" என்றார் பூதங்காத்தார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மந்திரி! என் உயிரோடு விளையாடினீரா? இவன்தான் எனக்கு ஏற்ற காவலன் என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் காட்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் நாட்டை விட்டு நடையைக் கட்டுங்கள்!"

மாசாணம் மந்திரியின் பின்னாலேயே ஓடினான். "சாமி, எம் பொஞ்சாதி நெறமாசமா இருக்கா. இந்த நேரத்துல அவளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம். தினம் காலையில் ஆற்று மணலில் நீ என்ன செய்வாய், அதைச் சொல்."

"சின்னக் கல்லா எடுத்து விருட்டு விருட்டுன்னு எறிவேன் சாமி. குந்தி ஒக்காந்து சட்டுன்னு எம்பிக் குதிப்பேன். மெதுவாச் செஞ்சா ஒடம்பும் மெதுவாவே பழகிப்போயிரும்."

மந்திரி முகம் மலர்ந்தது. "வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் சபை கூடியது. மண்டபத்தின் உயரமான உத்தரத்தில் ஒரு பானை தொங்கியது. நேர் கீழே கனமான மர நாற்காலி.

"பானையில் சாணித் தண்ணீர் இருக்கிறது, மகாராஜா. கயிற்றை அறுத்ததும் பின்னால் நிற்கிறவன் நாற்காலியை இழுத்து, அதில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும். முதலில் பலவேசம். நாற்காலியில் படைத்தலைவர் உட்காரட்டும். அவருடைய ஆள் மேல் அவரைவிட யாருக்கு நம்பிக்கை இருக்கப் போகிறது?"

பூதங்காத்தாரால் மறுக்க முடியவில்லை. புதுப் பட்டோடு போய் உட்கார்ந்தார். பலவேசம் வழக்கம்போல் வேட்டியை வரிந்து கட்டினான், காலை ஊன்றினான். மந்திரி கயிற்றை அறுத்துவிட்டார். பலவேசம் பதறிப்போய்ப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்த இழுப்பில் நாற்காலி பின்னால் இருந்த தூணில் போய் மோதியது. பலம் என்றால் அதுவல்லவா பலம்! என்ன, பானை அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

"அநியாயம்! அவன் இன்னும் தலையசைக்கவே இல்லையே!" என்று சாணி வழியக் கத்தினார் பூதங்காத்தார்.

"ஐயா, நம் வழக்கம் பானைக்குத் தெரியாது. மறைந்திருந்து ஈட்டி எறிகிறவனுக்கும் தெரியாது" என்றார் மந்திரி. "மகாராஜா, பலவேசத்திடம் மாசாணத்தைப்போல் இரண்டு மடங்கு பலம் இருக்கிறது. ஆனால் அது முழுசாகக் கைக்கு வந்து சேர இரண்டு மூச்சு நேரமாகிறது. மாசாணத்திடம் இருப்பது குறைவுதான். இருக்கிற அத்தனையும் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். ஆபத்து நமக்குக் கொடுப்பது அந்த ஒரு இமைப்பைத்தான்."

ராஜா தாடியைத் தடவினான். "பேச்சு நன்றாக இருக்கிறது. காட்டும்!"

இரண்டாவது பானை மேலே ஏறியது. "இதில் மிளகாய்க் கரைசல்" என்றார் மந்திரி. "படைத்தலைவர் மறுபடி உட்காரட்டும். பின்னால் யார் நிற்பது என்பதை அவரே சொல்லட்டும்."

பூதங்காத்தார் பானையைப் பார்த்தார். பலவேசத்தைப் பார்த்தார். மறுபடி பானையைப் பார்த்தார். வாய் முணுமுணுத்தது.

"காதில் விழவில்லை!" என்றான் ராஜா.

"மாசாணமே நிற்கட்டும், மகாராஜா!"

சபை கொல்லென்று சிரித்தது. பூதங்காத்தார் போய் உட்கார்ந்தார், மாசாணம் பின்னால் போய் நின்றான். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே மந்திரி கயிற்றை அறுத்தார். மாசாணம் வேட்டியைத் தொடவில்லை, மூச்சும் இழுக்கவில்லை. நாற்காலி இரண்டு முழம்தான் நகர்ந்தது. அது போதுமே! பானை வெறும் தரையில் விழுந்து சிதறியது. காரம் கிளம்பி ராஜா முதல் வாயிற்காவலன் வரை எல்லோரும் தும்மித் தள்ளினார்கள்.

தும்மிக்கொண்டே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மாசாணத்துக்குப் போட்டான். மந்திரிக்கு ஆற்றங்கரைத் தோப்பை எழுதிக் கொடுத்தான். கோட்டைக்கதவின் கனத்த தாழைத் தூக்கிப் போடும் வேலையைப் பலவேசத்துக்குக் கொடுத்தான். அவனும் சந்தோஷமாகப் போனான்.

பிறகு ராஜா பூதங்காத்தார் பக்கம் திரும்பினான். "உம்முடைய உடம்பைக் காக்க வேண்டாமென்று தள்ளிய ஆளை, என் உடம்பைக் காக்கவா கொண்டுவந்து நிறுத்தினீர்?"

பூதங்காத்தார் முகத்தை மேல்துண்டால் பொத்திக்கொண்டார். உள்ளே இருந்து வந்தது தும்மலா அழுகையா என்று அந்தச் சபையில் யாராலும் சொல்ல முடியவில்லை.