புள்ளி மறைந்த நான்காம் நாள்

கறுப்பு மோலி மீனின் முதுகில் ஒரு காலையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ரவையைத் தூவியது போல் ஏழெட்டுப் புள்ளிகள்.

"அழகாக இருக்கிறதே! எங்கே கிடைத்தது?" என்று கேட்டது கப்பி மீன். அதற்குத் தன் வாலழகைத் தவிர வேறு கவலை கிடையாது.

"அழகா? உடம்பெல்லாம் அரிக்கிறது!" என்று மோலி ஒரு கல்லில் போய் உரசிக்கொண்டது.

மதுரையில் தனுஷ்கோடி என்பவர் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி அது. அவருடைய கை மட்டும்தான் மீன்களுக்குப் பழக்கம். தீனி போடுவதும் அந்தக் கை, கண்ணாடி துடைப்பதும் அந்தக் கை. அதனால் மீன்கள் அவரைக் 'கையார்' என்று மரியாதையாகச் சொல்லும். தொட்டிக்குத் தலைவர் ஏஞ்சல் மீன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உயரமாக இருந்ததால் தானே தலைவராகிக்கொண்டது.

மோலிக்கு ஏழு குஞ்சுகள். தொட்டியின் ஓரத்தில் தொங்கிய வலைக்கூண்டுக்குள் அவை வளர்ந்தன. மோலி வெளியே நின்று நாளுக்குப் பத்துத் தடவை அவற்றை எண்ணிப் பார்க்கும்.

கடைசியாக வந்து சேர்ந்தது அயிரை. குழம்புக்கு உயிரோடு வாங்கி வந்த அரைக் கிலோ அயிரையில் ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. பாவம் பார்த்த தனுஷ்கோடி, அதைச் சில நாள் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டுவிட்டார். அது தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே குடியிருந்தது. அதன் வாயில் கண்மாய்ப் பேச்சுதான் வரும். அது வந்த ஐந்தாம் நாள் இந்தப் புள்ளிகள் வந்தன.

மறுநாள் ஏஞ்சலின் உடம்பிலும் புள்ளி! கப்பியின் அருமையான வாலிலும் புள்ளி!

"இது என்ன, வயதாகிவிட்டதா?" என்றது ஏஞ்சல்.

"வியர்வையாக இருக்குமோ?" என்றது கப்பி.

"மீனுக்கு வியர்க்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்!"

குழப்பத்துக்கு மேல் குழப்பமாக, அன்று கையார் வேறு என்னென்னமோ செய்தார். விளக்கை அணைத்தார். தண்ணீரைச் சூடாக்கும் குழலைச் செருகினார். பிறகு ஒரு சீசாவிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ விட்டார். தண்ணீர் முழுக்க நீலமாகிவிட்டது.

"சூடு ஏறுகிறது! கையார் நம்மைக் குழம்பு வைக்கப் போகிறார்!" என்று கப்பி அலறியது.

"குழம்பு இப்புடி இருக்காதுண்ணே. அதுக்குப் புளி வேணும். நான் பாத்திருக்கேன்" என்றது அயிரை. அதன் சொந்தபந்தமெல்லாம் போன இடம் அது. அதற்குத் தெரியாதா?

மூன்று நாள் மீன்கள் நீலத்துக்குள் ஆளுக்கொரு திசையில் முட்டிக்கொண்டு திரிந்தன. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்து மோலி கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நான்காம் நாள் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை!

"நோய் போய்விட்டது! இனி இந்த நீலமும் போகட்டும்!" என்று ஏஞ்சல் அறிவித்தது.

"போகலண்ணே" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அந்தப் புள்ளியெல்லாம் பூச்சி, கீழ விழுந்துருக்கு. கல்லு இடுக்குல ஒட்டிக்கிட்டு, ஒவ்வொண்ணும் நூறு நூறாப் பிரியுது."

"அப்படியானால் இந்த நீலம் எதற்கு?" என்று கேட்டது மோலி.

"ஒட்டிக்கிட்டு இருக்கைல அதை ஒண்ணும் பண்ணாதுக்கா. கல்லை விட்டுக் கிளம்பி நம்ம மேல ஏற வரும்பாருங்க, அப்பத்தான் நீலம் அதைக் கொல்லும். நேத்துக் கொஞ்சம் கிளம்புச்சு, செத்துச்சு. மிச்சம் இன்னும் கிளம்பல."

"வாயை மூடு! நோயைக் கொண்டுவந்ததே நீதான். நீ சாட்சி சொல்ல வந்துவிட்டாயா?" என்று ஏஞ்சல் சீறியது.

அயிரை கல் இடுக்கில் ஒதுங்கிக்கொண்டது. தான்தான் கொண்டுவந்தோமோ என்று அதற்கே சந்தேகம் இருந்தது. உண்மையும் அதுதான்.

மோலிக்கு யாரை நம்புவது என்றே புரியவில்லை. நோயைக் கொண்டுவந்தவன் மருந்து வேண்டும் என்கிறான். தலைவர் வேண்டாம் என்கிறார். குஞ்சுகளோ மூச்சுக்கு ஏங்குகின்றன. கடைசியில் அது தலைவர் பக்கம் போய்விட்டது.

"கையார் வரும்போது எல்லோரும் முன்னால் வந்து துள்ளி ஆடுங்கள்! நாம் தேறிவிட்டோம் என்று நினைப்பார்" என்றது ஏஞ்சல்.

அப்படியே ஆடின. கப்பி கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது.

"அட, எல்லாம் என்னமா ஆடுது பாரு! சரியாப்போச்சு" என்றார் தனுஷ்கோடி.

"மருந்து குடுத்த கடைக்காரரு பத்து நாளைக்கு விடச் சொன்னாருல்ல?" என்றாள் அவர் மனைவி வடிவு.

"மீனே நல்லாயிருக்குங்குது, கடைக்காரரு என்ன சொல்றது?" என்றவர் தண்ணீரை மாற்றினார். சூட்டுக் குழலையும் உருவிவிட்டார்.

தெளிந்த தண்ணீரில் மூன்று நாள் கொண்டாட்டம்தான். அதற்கடுத்த நாள் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை ஏழெட்டு இல்லை, எண்ணவே முடியவில்லை! கண்ணில், செவுளில், வாலில் எங்கும் புள்ளி. மோலி வலைக்கூண்டருகே போய் எண்ணியது. ஆறு. மறுபடி எண்ணியது. ஆறுதான். மதியத்துக்குள் இன்னும் இரண்டு குஞ்சுகள் மல்லாந்துவிட்டன. மோலி அழுதது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

"கையார் வருகிறார்! எல்லோரும் செடிக்குப் பின்னால் ஒளியுங்கள்! பார்த்தால் மறுபடி நீலத்தை ஊற்றுவார்!" என்றது ஏஞ்சல்.

மோலி ஒளியவில்லை. நேரே கண்ணாடிக்கு முன்னால் போய்த் தன் கறுப்பு உடம்பைத் திருப்பிக் காட்டியது. கறுப்பில் வெள்ளை நன்றாகத் தெரியுமல்லவா?

"ஐயையோ வடிவு, அந்தச் சீசாவை எடு!" என்று கத்தினார் தனுஷ்கோடி.

செத்த குஞ்சுகளைக் கரண்டியால் எடுத்தார். மறுபடி இருட்டு, சூடு, நீலம். நான்காம் நாள் மறுபடி புள்ளிகள் மறைந்தன.

"இப்போது நிஜமாகவே போய்விட்டதா, போகவில்லையா?" என்றது கப்பி. "போன தடவையும் இப்படித்தானே இருந்தது? எனக்குத் தலை சுற்றுகிறது!"

"ஆடலாமா?" என்று ஏஞ்சல் மெல்லக் கேட்டது.

"ஒருவரும் ஆடக் கூடாது!" என்றது மோலி. "எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நம்மில் தரையைப் பார்ப்பது அயிரை ஒன்றுதான். அது சொல்லும்வரை எல்லோரும் மூலையில் சோர்ந்து கிடங்கள்!"

"நோயைக் கொண்டுவந்தவன் பேச்சையா கேட்பது?"

"அதன் மேல் எனக்கும் கோபம்தான். கோபம் கோபமாக இருக்கட்டும். அது பார்த்தது பொய்யாகிவிடுமா?"

தினமும் கையார் வரும் நேரத்தில் எல்லா மீன்களும் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் கிடந்தன. "இன்னும் தெம்பு வரலபோல" என்று அவரும் நாள் தவறாமல் சொட்டு மருந்தை விட்டார். அயிரை ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தது. "இன்னும் இருக்குக்கா" என்றது. மறுநாளும் "இருக்குக்கா" என்றது.

பத்தாம் நாள் அயிரை தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேலே வந்தது.

"ஒண்ணுகூட இல்லக்கா. என்னை மன்னிச்சுருங்க."

மோலி வலைக்கூண்டருகே போனது. உள்ளே நான்கு குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. ஏழு வரை எண்ணிப் பழகிய மோலி நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நோயின் அடையாளம் மறைந்ததுமே நோய் ஒழிந்ததென்று மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள், அந்த நோய் இன்னும் பலமாகத் திரும்பி வர வழி செய்துவிடுகிறார்கள்.