பச்சோந்தி பார்த்து வந்த நாள்

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, பச்சோந்திக்கும் மற்றவர்களைப்போல இரண்டு கண்ணும் சேர்ந்துதான் பார்க்கும். ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கும். அப்படியொரு அவசரக்குடுக்கை.

அது குடியிருந்த கரட்டுக் குன்றின் உச்சியில் ஒரு பாழடைந்த கோட்டை இருந்தது. உள்ளே வற்றாத சுனை. ஆனாலும் எந்தக் கோடையிலும் ஒரு பிராணி அங்கே தண்ணீர் குடிக்கப் போனதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கேயோ பட்டப்பகலில், நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சிவேளையில், பேய் நிஜமாகவே அழுதது. "வந்தீகளா? தட்டுனீகளா?" என்று அந்தக் குரல் எழும்போது நரிகூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. நாக்கு வறண்ட பச்சோந்தி, முன்பின் பாராமல் கோட்டைக்குள் ஓடியது. ஓடிய வேகத்தில் பேய்க்கு எதிரிலேயே போய் நின்றது.

கதவெல்லாம் உளுத்துப்போய், கல்நிலை மட்டும் மிஞ்சிய வாசலில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. பயமுறுத்துகிறவள் மாதிரியே இல்லை. பச்சோந்திக்குப் பாவமாக இருந்தது.

"ஏன்க்கா அழுற?"

இத்தனை காலத்தில் அவளிடம் அப்படிக் கேட்டவர் ஒருவருமில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"என் பேரு காத்தாயி. எங்க வீட்டுக்காரக செம்பன், இந்த வாசலுக்குக் காவக்காரக. எதிரி கோட்டைய வளைச்சப்ப, தொணைக்குப் படை கேட்டு வெளிய போனாக. 'நான் தட்டுனா மட்டும் தெற புள்ள'ன்னு சொல்லிட்டுப் போனாக. ராப்பகலா கண்ணு மூடாம கதவுக்குப் பின்னாலயே கெடந்தேன் தம்பி. ஒருநா உச்சிவெயில்ல என்னையறியாம அசந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே தொணைப்படை வந்து எதிரிய வெரட்டிருச்சு. அவுக மட்டும் வரல. நான் தூங்குனப்ப வந்து தட்டுனாகளோ? தெறக்க ஆளில்லாமச் செத்தாகளோ? செத்தும் எனக்கு அதே நெனப்புத்தான்."

"போய்ப் பார்த்துட்டு வர முடியாதாக்கா?"

"உச்சிவேளையில இந்த நெலையத் தாண்டுனா அந்த நாளுக்குப் போயிரலாம். நானும் எத்தனையோ தடவ போயிட்டேன். போனதும் தூங்கிருறேன். அந்த நாள்ல நான் தூங்குறவதான?"

"அப்ப நான் போறேன்."

"பொறு தம்பி. முன்ன ஒரு கீரி, என்கிட்ட ஒண்ணுங் கேக்காம, பாம்ப வெரட்டிக்கிட்டு இதத் தாண்டிப் போச்சு. ரெண்டு கண்ணாலயும் அங்கயே வேடிக்க பாத்து நின்னுச்சு. திரும்பவே இல்ல. அந்தா, செவுத்துல பூத்திருக்கே ஆவாரம்பூ, அது இன்னைய நாளோட பூ. அதுல ஒரு கண்ணு வச்சுக்க. அது மறைஞ்சா நீ வந்த வழியும் மறைஞ்சுரும்."

இரண்டு கண்ணும் சேர்ந்தே திரும்புகிற பிராணி, ஒரு கண்ணை மட்டும் எங்கே வைப்பது? வாழ்க்கையில் முதல் தடவையாகப் பச்சோந்தி தயங்கியது. திரும்ப முடியாமல் போனால் என்ன கதி? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, சுனையில் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா போக அதற்கு மனம் வரவில்லை. கல்நிலையைத் தாண்டி வெளியே கால் வைத்துவிட்டது.

தாண்டியதும் வாசலில் புதுக் கதவு நின்றது. இறுக மூடியிருந்தது. சரிவிலிருந்து ஒருவன், தோளில் ரத்தம் வழிய, தட்டுத்தடுமாறி ஏறி வந்தான். செம்பன்தான். பச்சோந்தியின் இரண்டு கண்ணும் அவன்மேல் பாய்ந்தன. அந்தக் கணமே பின்னால் ஆவாரம்பூவின் மஞ்சள் மங்கியது. கால் அந்த நாளின் மண்ணில் புதையத் தொடங்கியது.

பச்சோந்தி பதறிப்போனது. ஒரு கண்ணை மட்டும் பிடுங்கி எடுப்பதுபோலப் பின்னால் திருப்பியது. வலியில் உயிரே போய்விடும்போல் இருந்தது. ஆனால் கண் திரும்பியது. அந்தக் கண்ணுக்கு இடிந்த சுவரும் ஆவாரம்பூவும் தெரிந்தன. மறு கண் செம்பனை விடவில்லை.

செம்பன் தட்டக் கையை ஓங்கினான். பாறை மறைவில் எதிரிகளின் வேல் மினுங்கியது. கதவு எப்போது திறக்கும் என்று அவர்கள் பதுங்கியிருந்தார்கள். செம்பன் பார்த்துவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. காத்தாயியின் குறட்டை. அந்த நிலைமையிலும் செம்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஓங்கிய கையால் கதவை மெல்லத் தடவினான்.

"தூங்கு புள்ள. நல்லாத் தூங்கு" என்றான்.

பிறகு, "பிடிங்கடா பார்ப்போம்!" என்று கூவிக்கொண்டே எதிர்ச்சரிவில் இறங்கி ஓடினான். எதிரிகள் மொத்தப் பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். கதவு மூடியே இருந்தது.

பச்சோந்தி பூ தெரிந்த பக்கம் திரும்பியது. ஓட முடியவில்லை. ஒரு காலை எடுத்து முன்னால் நீட்டும், இது இன்றைய தரையா, அன்றைய தரையா என்று தெரியாமல் பின்னுக்கு இழுக்கும், மறுபடி நீட்டும். அப்படி ஆடி ஆடித்தான் வந்து சேர்ந்தது.

"வந்தாகளா தம்பி?"

"வந்தாகக்கா. ஆனா தட்டவே இல்ல. எதிரி பின்னாலயே பதுங்கி வந்திருந்தான். நீ தெறந்திருந்தா கோட்டையே போயிருக்கும்."

"எம் மனசு ஆறணும்னு சொல்லுறியா?"

"உன் குறட்டையக் கேட்டுச் சிரிச்சாக. 'தூங்கு புள்ள, நல்லாத் தூங்கு'ன்னாக."

காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மனுசன் எப்பவும் என் குறட்டையத்தான் கேலி பண்ணுவாக" என்றாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு கல்நிலையில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் குறட்டை கேட்டது. அப்புறம் காற்று மட்டும் வீசியது.

அந்தக் கோடையில் காடே வந்து சுனையில் தண்ணீர் குடித்தது. பச்சோந்திதான் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது. நிறம் மாறுகிறதென்று அதை ஏசுகிறவர்கள், ஒரு நாளாவது அதன் கண்ணைப் பார்த்துவிட்டு ஏசட்டும். அன்று முதல்தான் பச்சோந்தி ஒரு கண்ணால் அந்த நாளையும் மறு கண்ணால் இந்த நாளையும் பார்க்கிறது. எடுத்த காலை வைக்குமுன், இது எந்த நாளின் தரை என்று ஆடி ஆடி நிற்கிறது.