மண்ணுளியர் பாஷை

கோணப்பட்டியில் நாலு நாடகக்காரர்கள் இருந்தார்கள். கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு நாலு பேரும் ஒத்திகையில் இருந்திருக்க வேண்டும். வாத்தியார் சடையாண்டி, ஒச்சு, மொக்கையன், இருளப்பன். நாலு பேரில் யார் பெரிய முட்டாள் என்று ஊரில் ரொம்ப நாளாகப் பேசிப் பார்த்தார்கள். பேசியவர்களுக்குத்தான் வாய் வலித்தது.

இருளப்பனுக்கு ஒரே ஒரு குறை. கல்யாணம் ஆனதிலிருந்து நாடகத்தில் அவன் குதிரை வேஷத்தின் பின்னங்கால்தான். முன்னங்கால் ஒச்சு. நாடகம் முடிந்ததும் மாமியார்க்காரி தெரு கேட்கச் சொல்லுவாள்: “எங்க மாப்பிள்ளை இந்தத் தடவையும் நல்லா உதைச்சாரு.” ஒரே ஒரு வசனம், ஒரே ஒரு தடவை, அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கப் பேசிவிட்டால் போதும். செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தான்.

அந்த வருஷத் திருவிழாவுக்குக் காண்ட்ராக்டர் தவசி புது நாடகம் பிடித்தான். அதில் பூமிக்கு அடியில் வாழும் மண்ணுளியர் என்ற ஜாதி வரும். பாம்புமில்லை, மனுஷனுமில்லை.

“அவங்களுக்குன்னு தனி பாஷை வேணும் வாத்தியாரே. சத்தம், இலக்கணம் எல்லாம் புதுசா இருக்கணும். ஒருத்தருக்கும் ஒரு சொல்லுகூடப் புரியக் கூடாது. புரிஞ்சுதுன்னு தெரிஞ்சா வேஷத்தைக் கீழூர்க்காரனுக்குக் குடுத்துருவேன்” என்றான் தவசி.

சடையாண்டி மூன்று நாள் குளிக்காமல் யோசித்துப் பாஷையை உண்டாக்கினார்.

“மண்ணுக்குள்ள வாயைத் திறந்தா மண்ணு போகும். அதனால வாயை மூடிக்கிட்டேதான் பேசணும். ம்ழூ, ஹ்ங்கு, ஙொப், இப்படி. அங்க இருட்டு. ஆம்பிளையா பொம்பிளையான்னு தெரியாது. அதனால அவன், அவள் ரெண்டும் கிடையாது. சூரியன் கிடையாது, அதனால நேத்தும் கிடையாது, நாளைக்கும் கிடையாது.”

“கேள்வி கேக்கணும்னா அண்ணே?” என்றான் மொக்கையன்.

“கடைசியில ஒரு தும்மல் போடணும். தூசி இருக்குமில்ல.”

அப்போது ஒச்சுவுக்கு ஜலதோஷம். அவன் என்ன சொன்னாலும் கேள்வியாகிவிட்டது. மற்ற மூன்று பேரும் ராத்திரி வரைக்கும் அவனுக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போனார்கள்.

பாஷை சரிதானா என்று ஊருக்குள் போய்ச் சோதித்தார்கள். மொக்கையன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து “ஹ்ங்கு” என்றான். கடைக்காரர் டீயை நீட்டினார். ஐயோ, புரிந்துவிட்டது! அந்தச் சொல்லைப் பாஷையிலிருந்து அடித்தார்கள். ஒச்சு சலூன் நாற்காலியில் ஏறி “ம்ழூ” என்றான். மழித்துவிட்டார்கள். அதையும் அடித்தார்கள். சடையாண்டி தடியை ஓங்கிக்கொண்டு தெருநாயிடம் “ஙொப்” என்றார். நாய் ஓடிப்போனது.

“ஒருத்தருக்கும் புரியக் கூடாதுன்னுதானே சொன்னாரு? நாய் ஒருத்தரா?” என்றான் மொக்கையன்.

“மரியாதை குடுத்தா ஒருத்தர்தான்” என்றார் சடையாண்டி. அதுவும் போயிற்று.

இப்படி அடித்து அடித்துக் கடைசியில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: ஹ்ங்ளூப். இருளப்பன் பேச வேண்டிய வசனம் அது.

“அதுக்கு என்ன அர்த்தம் அண்ணே?” என்று கேட்டான் இருளப்பன்.

“உனக்குச் சொன்னா உனக்குப் புரிஞ்சிரும். நீயும் ஒருத்தன்தானே? எனக்கும் புரிஞ்சிரக் கூடாதுன்னு நானே மறந்துட்டேன்.”

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கனமான வசனம் யாருக்குக் கிடைக்கும்!

திருவிழா அன்று மத்தியானம் வேஷம் கட்டிக்கொண்டு, பூமிக்கு அடியில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மேடை போட்டிருந்த ஊர் மந்தைக்குப் பக்கத்தில் இருந்த பாழுங்கிணற்றுக்குப் போனார்கள். இருளப்பன் மேலே நின்று கயிற்றைப் பிடித்தான். மூன்று பேர் இறங்கினார்கள்.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று உள்ளேயிருந்து கத்தினார் சடையாண்டி.

இருளப்பன் எண்ணிப் பார்த்தான். தான் மட்டும் வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குதித்தான். நல்லவேளை, முழங்கால் அளவு சேறு.

“வந்தாச்சு அண்ணே.”

ஒத்திகை ஒரு சொல்தானே, சீக்கிரம் முடிந்தது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

“‘மேலே தூக்குங்க’ன்னு கத்துவோமா?” என்றான் ஒச்சு.

“மெதுவாப் பேசு!” என்று அதட்டினார் சடையாண்டி. “உள்ள இருக்கிற வரைக்கும் நாம மண்ணுளியர். தமிழ் வெளியே கேட்டா மானம் போயிரும். நம்ம பாஷையில மேலேங்கிற சொல்லே கிடையாது. அவங்களுக்குக் கீழே, இன்னும் கீழே, அவ்வளவுதான். இருக்கிற சொல்லைச் சொல்லு இருளப்பா.”

“ஹ்ங்ளூப்!” என்று முழங்கினான் இருளப்பன்.

ஆடு மேய்க்கிற வீராயி எட்டிப் பார்த்தாள். “என்னய்யா, நாலு பேரும் விழுந்து கிடக்கீங்க? தூக்கி விடணுமாக்கும்?”

இருளப்பன் வாயைப் பொத்திக்கொண்டான். போச்சு, புரிந்துவிட்டது!

“அவளுக்குப் புரியல அண்ணே. சும்மா குத்துமதிப்பா கேக்குறா” என்றான் ஒச்சு கிசுகிசுப்பாக.

“கயிறு வந்தா புரிஞ்சுதுன்னு அர்த்தம்” என்றார் சடையாண்டி.

கயிறு வந்தது. நேராக இருளப்பன் மூக்குக்கு முன்னால் வந்து ஆடியது. பிடித்து ஏறினால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தச் சொல் அடிபட்டுப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் பின்னங்கால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி, வீராயி முகத்தைப் பார்த்து விட்டெறிந்தான்.

“அட கிறுக்குப் பயலுகளா, உள்ளேயே கிடந்து ஊறுங்க!” என்று அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

“பாத்தியா? புரிஞ்சிருந்தா போயிருப்பாளா?” என்றார் சடையாண்டி. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தவசி தேடிக்கொண்டு வந்தான். “வாத்தியாரே, அங்க என்ன பண்றீங்க?”

இருளப்பன் நெஞ்சை நிமிர்த்தி, இருக்கிற துக்கத்தையெல்லாம் சேர்த்து, “ஹ்ங்ளூப்” என்றான்.

தவசி காதைக் கொடுத்துக் கேட்டான். “இன்னொரு தடவை சொல்லு.” சொன்னான். தவசிக்கு முகமெல்லாம் பல். “ஒரு எழவும் புரியலையே! பிரமாதம்! வேஷம் உங்களுக்குத்தான். விளக்கு வச்சதும் மேடைக்கு வந்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

அப்படியாக வேஷம் கிடைத்தது. ஆட்கள்தான் கிணற்றில்.

மைக்செட் சத்தம் கிணறு வரைக்கும் வந்தது. ராஜா வந்தார், அழுதார், போனார். அப்புறம் தவசியின் குரல்: “மகாஜனங்களே! அடுத்தது மண்ணுளியர் வருகிற கட்டம்!”

மேடையில் ஆள் இல்லை. சனங்கள் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் பறந்தது. தவசி லேசுப்பட்ட ஆளா? மைக்கைப் பிடித்தான்.

“யாருக்காவது ஏதாவது புரிஞ்சுதா?”

“இல்லை!” என்றது கூட்டம்.

“ஒரு சொல்லாச்சும்?”

“ஒரு சொல்லும் புரியல!”

“அதான்யா மண்ணுளியர் பாஷை!”

கைதட்டல் கிணற்றுச் சுவரை அதிர வைத்தது. அதற்கு நடுவில் மாமியார்க்காரி கத்தினது இருளப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது: “எங்க மாப்பிள்ளைதான்! இன்னைக்குப் பின்னங்காலையே காணோம், என்னமா நடிச்சிட்டாரு!”

இருளப்பன் அழுதேவிட்டான். சேற்றில் நின்றபடி நாலு பக்கமும் திரும்பிச் சுவருக்குக் கும்பிடு போட்டான்.

சடையாண்டி பொளேரென்று அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

“டேய் முட்டாப்பயலே, நீ மண்ணுளியன். அவங்க தட்டினது தமிழ்க் கை. அது உனக்கு எப்படிடா புரிஞ்சுது?”